கொடியில் தொங்கும் கணக்கு

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். செம்மண்ணும் முந்திரித் தோப்பும் கைத்தறியும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் கலந்து கிடக்கிற பகுதி இது. இங்கே ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: பிள்ளைக்கு அரையில் எதைக் கட்டுவது? மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் பேம்பர்ஸ் தொங்குகிறது. எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் மக்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், பட்டன் வைத்து, பூப்போட்ட துணியில், உள்ளே திணிப்போடு தைத்த துணி டயப்பர்கள் ஒன்று சில நூறு ரூபாய் என்று வீடு தேடி வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் பாட்டி காலத்து வேட்டித் துணி இருக்கிறது. கைக்கு அடக்கமாக, குழந்தைக்கும் நல்லதாக எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வந்தால் பெரும்பாலோர் விலையைப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் எவ்வளவு நேரம் ஈரம் தாங்கும் என்று பார்க்கிறார்கள். துவைத்துப் போட்டால் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதை யாரும் கேட்பதில்லை. நம் ஊர் வெயிலையும் மழையையும் வைத்துப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். பிறந்த குழந்தை முதல் நாளில் ஓரிரு முறைதான் சிறுநீர் கழிக்கும். தாய்ப்பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு, ஐந்தாறு நாளுக்குள், ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போக வேண்டும். அதற்கு மேலும் போகும். மலமும் முதல் சில வாரங்களில் பால் குடிக்கிற ஒவ்வொரு வேளைக்கும் என்பதுபோல் வரும். ஆகவே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு துணி என்று வைத்துக்கொள்வது நியாயமான மதிப்பீடு. காலையில் துவைத்துப் போட்டது அன்றைக்கே காய்ந்துவிட்டால், கட்டுவதற்குப் பன்னிரண்டு, கொடியில் பன்னிரண்டு, மொத்தம் 24 துணி போதும். காய இரண்டு நாள் ஆகும் துணி என்றால் 36 வேண்டும். மூன்று நாள் என்றால் 48. துணி ஒன்றின் விலை என்னவாக இருந்தாலும், வாங்க வேண்டிய எண்ணிக்கையை முடிவு செய்வது கொடிதான். ஒன்று நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கெட்டியான துணியை வாங்கிவிட்டு, அது காயாததால் இன்னும் ஒரு டஜன் வாங்குகிற வீட்டில், மலிவு என்று நினைத்தது மலிவாக முடிவதில்லை. பாதி ஈரத்தோடு எடுத்துக் கட்டுகிற வீட்டில் அந்த விலையைக் குழந்தையின் தோல் கொடுக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கடையில் கிடைப்பதைப் பார்ப்போம். ஒரே தையலாக, உறிஞ்சும் அடுக்கும் வெளியே தண்ணீர் புகாத மேல்துணியும் சேர்த்துத் தைத்த டயப்பர் கட்டுவதற்கு மிக எளிது. ஆனால் பல அடுக்கு ஒன்றாகத் தைக்கப்பட்டிருப்பதால், ஒரு பக்கம் நீர் வெளியேற முடியாத பூச்சும் இருப்பதால், நல்ல வெயிலிலேயே அது காய்வதற்கு நெடுநேரம் ஆகும். பைபோல் தைத்து உள்ளே திணிப்பைத் தனியாகச் செருகும் வகை கொஞ்சம் மேல். திணிப்பை வெளியே எடுத்துக் காயப்போடலாம். ஆனால் திணிப்பு மட்டும் தடிமனாகத்தான் இருக்கும். பல அடுக்காக மடித்தே தைத்த பருத்திப் பட்டை அதற்கு அடுத்தது. கடைசியாக வருவது ஒன்றும் தைக்காத சதுரத் துணி. இதன் சிறப்பு எளிமையிலேயே இருக்கிறது. நான்காக மடித்தால் நான்கு அடுக்கு, இன்னொரு மடிப்பு மடித்தால் எட்டு அடுக்கு என்று பிள்ளையின் இடுப்பில் தடிமனாக நிற்கும். அவிழ்த்து அலசிக் கொடியில் விரித்தால் ஒற்றை அடுக்காகிவிடும். சித்திரை வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். ஆண் குழந்தைக்கு முன்பக்கமும் பெண் குழந்தைக்கு நடுவிலும் அடுக்கு கூடுதலாக வரும்படி மடித்துக்கொள்ளலாம். குழந்தை வளர வளர மடிப்பை மாற்றினால் போதும். அளவு போதாமல் புதிதாக வாங்க வேண்டியதில்லை. உறிஞ்சும் துணி ஒற்றையாகவும், ஈரம் வெளியே வராமல் தடுக்கும் மேலுறை தனியாகவும் இருப்பதே குள்ளஞ்சாவடி போன்ற ஊருக்குப் பொருந்தும் ஏற்பாடு. மேலுறை மூன்று இருந்தால் ஓடிவிடும், ஏனென்றால் மலம் படாத வரை அதை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை. துடைத்து ஆறவிட்டு மறுபடி போடலாம்.

காய்வதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் கடலூர் மாவட்டத்தின் மழையே காரணம். இங்கே ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செண்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குறிஞ்சிப்பாடி வட்டமே வெள்ளக்காடானது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இந்தப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அப்படிப்பட்ட பேரிடர் இல்லாத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் நான்கைந்து நாள் தொடர்ந்து வெயில் முகம் காட்டாமல் போவது வழக்கம். கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் உள்ளே கொடி கட்டித் துணி காயப்போடும் அந்த நாள்களில், ஒற்றைத் துணி மின்விசிறிக் காற்றிலேயே ராத்திரிக்குள் காய்ந்துவிடும். திணிப்பு வைத்தது காயாது, முடைநாற்றமும் அடிக்கத் தொடங்கும். விளம்பரப் படங்களில் துணி டயப்பர் எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. ஐப்பசியில் பிள்ளை பெற்றவள் அதை நம்பி வாங்க முடியாது.

சரி, அந்த ஒற்றைத் துணிக்கு எங்கே போவது? முன்பு இது ஒரு கேள்வியே இல்லை. வீட்டில் எல்லோரும் பருத்தி உடுத்திய காலத்தில், தோய்த்துத் தோய்த்து நைந்த வேட்டியும் சேலையும் தாமாகவே குழந்தைத் துணியாக மாறின. பிறந்த பிள்ளையை முதலில் பழைய துணியில்தான் போட வேண்டும், புதுத் துணி பிறகுதான் என்ற வழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. பல ஆண்டு துவைத்த துணியில் கஞ்சியும் இல்லை, சாயம் கழல்வதும் இல்லை, நூலும் மெத்தென்று ஆகியிருக்கும் என்பதால் அந்த வழக்கத்துக்கு நல்ல பொருள் உண்டு. இப்போதைய சிக்கல் என்னவென்றால் பீரோவைத் திறந்தால் பழைய துணி நிறைய இருக்கிறது, பருத்தி இல்லை. சேலை, நைட்டி, சட்டை எல்லாவற்றிலும் பாலியஸ்டர் கலந்துவிட்டது. பாலியஸ்டர் நீரை உறிஞ்சாது. தன் மேலேயே வைத்திருந்து குழந்தையின் தொடையில் ஒட்டவைக்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, காகிதம் கருகின வாசனையோடு தூளாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். நல்ல பருத்தி வேட்டி ஒன்று அகப்பட்டால் அதன் பயன் பெரிது. எட்டு முழ வேட்டியில் 60 செண்டிமீட்டர் சதுரம் பன்னிரண்டு வரும். ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையில் ஏறக்குறைய அதே அளவில் பதினெட்டு வெட்டலாம். இரண்டு வேட்டி இருந்தால் ஒரு குழந்தையின் கோடைக்காலத் தேவை தீர்ந்தது.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மல் துணி நல்லது. அடர்த்தியில்லாமல் நெய்த வெள்ளைப் பருத்தி எதுவானாலும் சரி. லுங்கி நெசவுக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அடர் சாயம் போட்ட கைலித் துணி பிறந்த குழந்தைக்கு வேண்டாம், வெளுத்த அல்லது வெளுக்காத துணியே போதும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறார்கள். அந்த மாதிரி இடைவெளி விட்டு நெய்த துணி எவ்வளவு வேகமாக உறிஞ்சி எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பதை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நெசவின் அடர்த்தி ஏன் முக்கியம் என்று விளங்கிவிடும். தறியிலிருந்து வரும் புதுத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும்; அது போகும் வரை துணி நீரை உள்ளே விடாது. ஓர் இரவு ஊறவைத்து, நாலைந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பழைய துணியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு, இதை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்திருப்பது அவசியம். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த வேட்டியையும் சேலையையும் அப்படியே எடுத்துப் பச்சைப் பிள்ளைக்குக் கட்டக் கூடாது. அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பிறந்தவுடன் வீட்டாருக்குத் தெரிய வழியில்லை. அந்துருண்டை வாசனை ஏறிய துணியை ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பு.

பணக் கணக்குக்கு வருவோம். பேம்பர்ஸ் ஒன்று பத்து ரூபாய், நாளைக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 60, மாதத்துக்கு 1,800 ரூபாய். குழந்தை வளர்ந்தபின் எண்ணிக்கை குறையும், ஆனால் அளவு பெரிதாகும்போது ஒன்றின் விலை ஏறும். சராசரியாக நாளைக்கு ஐந்து என்று பார்த்தாலே இரண்டு ஆண்டில் 36,500 ரூபாய் ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனாலும் கணக்கின் அளவு அதனால் மாறிவிடவில்லை. 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதில் 60 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு, அதுவும் வேலை கிடைக்கிற நாளில் மட்டும். முந்திரி உடைக்கும் கூலியிலும் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியிலும் நடக்கிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. எதிர்ப்பக்கம், ஒன்பது மீட்டர் வெள்ளைத் துணியை மீட்டர் நூறு ரூபாய்க்கு வாங்கி முப்பது சதுரம் வெட்டினால் 900 ரூபாய். மேலுறை ஒன்று 300 வீதம் மூன்று வாங்கினால் இன்னொரு 900. இரண்டும் சேர்ந்து 1,800. ஒரு மாத பேம்பர்ஸ் செலவில் இரண்டு ஆண்டுக்கான துணி முடிந்தது. சோப்பும் தண்ணீரும் தனி, உழைப்பும் தனி. அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் துணியைப் புகழ்வது நேர்மை ஆகாது. அதற்குக் கீழே வருகிறேன்.

அதற்கு முன் எல்லோரும் எழுப்பும் மறுப்பு: துணி கட்டினால் பிள்ளைக்குப் புண் வரும், பேம்பர்ஸ் தோலை உலர்வாக வைத்திருக்கும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. பேம்பர்ஸ் உள்ளே சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது. தன் எடையைவிடப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும், அதனால் தோலில் ஈரம் குறைவாகத்தான் படும். ஆனால் புண்ணுக்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை. சிறுநீரும் மலமும் கலக்கும்போது மலத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் சிறுநீரிலிருந்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அந்த நிலையில் மலத்திலுள்ள செரிமான நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. ஆகவே எதைக் கட்டியிருக்கிறோம் என்பதைக் காட்டிலும் எவ்வளவு நேரம் கட்டியே வைத்திருக்கிறோம் என்பதுதான் புண்ணைத் தீர்மானிக்கிறது. இந்தக் கேள்வி பற்றிய நல்ல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மதிப்பாய்வு, வீசியெறியும் டயப்பர் புண்ணைத் தடுக்கிறது என்று சொல்லவும் இல்லை என்று மறுக்கவும் போதிய சான்று கிடையாது என்றே முடித்தது. விலை கொடுத்து வாங்கியதை முழுக்கப் பயன்படுத்திவிட வேண்டும் என்று ஒரே பேம்பர்ஸை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வைத்திருக்கிற பழக்கம்தான் ஏழை வீட்டுக் குழந்தையின் தோலுக்கு ஆபத்து. துணி நனைந்தால் பிள்ளை சிணுங்கும், தெரியும், மாற்றுவோம். இன்னொரு பயனும் இதில் இருக்கிறது. தாய்ப்பால் போதுமா என்று பயப்படும் தாயிடம் செவிலியர் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறது என்பதைத்தான். துணி கட்டிய வீட்டில் அதற்கு உடனே பதில் கிடைக்கும். பேம்பர்ஸ் போட்ட வீட்டில் யூகிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது உழைப்பு. துணியின் மீதுள்ள மறுப்புகளிலேயே கனமானது இதுதான், இதற்குப் பதில் சொல்வதும் எளிதில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் துணிதானே கட்டினார்கள் என்று பேசுகிறவர்கள், அந்தத் துணியை யார் துவைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேற்றுத் துணியையும் தீட்டுத் துணியையும் துவைப்பது வண்ணார் குடும்பத்துப் பெண்கள் மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. கூலி என்று கிடைத்தது கொஞ்சம் தானியமும் எடுத்து வந்த சோறும். வசதியான வீட்டில் துணி மலிவாக இருந்ததற்கு அவர்கள் கை வெந்ததும் ஒரு காரணம். அந்த ஏற்பாடு ஒழிய வேண்டியதுதான். ஒழிந்த இடத்தில் வேலை பிள்ளை பெற்றவள் தலையிலோ அவளுடைய அம்மா தலையிலோ விழுந்திருக்கிறது. தையல் ஆறாத பெண் குத்தவைத்து உட்கார்ந்து நாள்தோறும் பன்னிரண்டு துணி அலச வேண்டும் என்றால், அவளிடம் போய்ப் பேம்பர்ஸ் வாங்காதே என்று உபதேசிக்க யாருக்கும் உரிமையில்லை. என் முடிவு இது: துணியைத் தேர்ந்தெடுப்பது என்றால் அதைத் துவைப்பது யார் என்பதையும் அன்றைக்கே சேர்த்து முடிவு செய்ய வேண்டும். குழந்தையின் அப்பா துவைக்கலாம். இதில் எந்த வித்தையும் இல்லை. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டு, இரண்டு முறை நன்றாக அலசிப் போடுவது அரைமணி நேர வேலை. ஒற்றைத் துணி கைக்கும் லேசானது. ஊறின திணிப்பைப் பிழிவதில் உள்ள சிரமம் இதில் இல்லை. கட்டும் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது பிழிகிற கையையும் நினைக்க வேண்டும்.

தண்ணீர் பற்றியும் கேட்பார்கள், கேட்பது சரியே. ஒரு நாள் துணிக்கு மூன்று நான்கு வாளி, ஐம்பது அறுபது லிட்டர் ஆகும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வைத்த அளவே 55 லிட்டர்தான். அதாவது தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வீட்டில் ஒரு பெரிய ஆளின் பங்கைக் கேட்கிறது. சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருக்கும் பகுதியில் இதை லேசாகச் சொல்லிவிட முடியாது. கடைசி அலசல் நீரை அடுத்த நாளின் முதல் அலசலுக்கு வைத்துக்கொண்டால் ஒரு வாளி மிஞ்சும். சோப்பு நீர் வாழைக்குப் போகலாம். ஆனால் பேம்பர்ஸுக்கும் தண்ணீர் செலவு உண்டு, அது மரக்கூழ் ஆலையிலும் பிளாஸ்டிக் ஆலையிலும் வேறு ஊரில் நடந்துவிடுவதால் நம் வாளியில் தெரிவதில்லை.

சுற்றுச்சூழல் கணக்கில் இந்த ஊருக்கு மட்டுமே உரிய ஒரு திருப்பம் இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, துணி டயப்பரும் வீசியெறியும் டயப்பரும் வெளியிடச் செய்யும் கரியமில வாயு ஏறக்குறைய சமம்தான் என்று கண்டு பலரை வியக்கவைத்தது. காரணம் துணியில் இல்லை, அதைச் சுடுநீரில் மெஷினில் துவைத்து, மின்சார உலர்த்தியில் காயவைப்பதில் இருந்தது. நிறையப் போட்டுத் துவைத்து, வெளியில் காயவைத்து, இரண்டாவது பிள்ளைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. 2023இல் அங்கே வந்த மறுமதிப்பீட்டில், துணி வெளியிடச் செய்யும் கரியமில வாயு வீசியெறியும் டயப்பரைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு என்று தெரிந்தது. நெய்வேலியில் எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். அதை எரித்து எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே இங்கே மின்சாரத்தில் காயவைக்கும் துணி நல்ல துணியாக இருக்க முடியாது. கொடியில் காய்கிற துணிக்கு அந்தப் பாரமே இல்லை. சீக்கிரம் காய்வது வீட்டுச் செலவுக்கு எது நல்லதோ அதுவே ஊருக்கும் நல்லது என்று ஆக்கிவிடுகிறது.

கழிந்த பேம்பர்ஸ் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்றன. தயாரிக்கும் கம்பெனி அதற்கான உறையையும் சேர்த்துத் தர வேண்டும் என்றன. நடைமுறையில் வாய்க்கால் ஓரத்திலும் முந்திரித் தோப்பிலும் நாய் இழுத்துப் போட்டதைப் பார்க்கிறோம், இல்லையென்றால் கொல்லையில் வைத்துக் கொளுத்துகிறார்கள். ஐநூறு ஆண்டு மக்காது என்று சொல்லும் கணக்கை யாரும் அளந்து பார்த்ததில்லை. அமெரிக்காவில் பேம்பர்ஸ் விற்பனைக்கு வந்ததே 1961இல்தான். அந்த மிகையான எண் நமக்குத் தேவையும் இல்லை. மலத்தைக் கழிவறையில் போடாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி ஊர்ப் பொது இடத்தில் விடுகிறோம், அதைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் கையால் எடுக்கிறார் என்பதே போதிய காரணம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், பேம்பர்ஸை வீட்டுக்குள் விடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்று அது உதவி. தாய்க்குக் காய்ச்சல் கண்ட அன்றும், நாலு நாள் அடைமழையிலும் உதவி. ராத்திரிக்கு ஒன்று என்று வைத்தால் மாதம் 300 ரூபாய். தாயின் தூக்கத்துக்கு அது கொடுக்கத் தகுந்த விலை. பகலெல்லாம் துணி, தேவைப்படும் இரவில் பேம்பர்ஸ் என்று பிரித்துக்கொண்டாலே செலவில் ஆறில் ஐந்து பங்கு மிச்சம். பேம்பர்ஸ் இல்லாமல் இன்னொரு வழியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு, காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தின் மேல் அதை உட்காரவைத்துப் போகவிடும் பழக்கத்தை நம் பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை. பால் குடித்த சற்று நேரத்தில் அப்படி வைத்தால், நாளைக்கு இரண்டு மூன்று துணி துவைக்காமல் மிஞ்சும்.

கட்டும் முறையில் சில சேதி. தொப்புள்கொடி விழும் வரை துணியின் மேல்விளிம்பு அதற்குக் கீழே மடிந்திருக்க வேண்டும். தொடை இரண்டும் தவளைபோல் விரிந்து அசையும்படி கட்டுங்கள். காலை நேராக இழுத்து இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகக் கூடும். ஊக்கு வேண்டாம், அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகினால் போதும், கயிறு இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துணியை மணக்கவைக்கும் திரவத்தில் முக்கினால் நூலின் மேல் பூச்சுப் படிந்து உறிஞ்சும் தன்மை போய்விடும். தேங்காய் எண்ணெய் அதிகம் ஏறிய துணியும் அப்படியே. முருங்கை மரத்தடியில் கொடி கட்டாதீர்கள், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சியின் சுணை துணியில் ஒட்டினால் பிள்ளை துடித்துப்போகும். முந்திரி உடைக்கும் வீடுகளில் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைப் பொசுக்கக் கூடியது. அந்தக் கையோடும், அந்த வேலைக்குக் கட்டிய சேலையோடும் குழந்தைத் துணியைத் தொடக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பரிசுப் பெட்டகத்தில் பதினாறு பொருள்கள் இருந்தன, அவற்றில் நாப்கினும் ஒன்று. பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுக்கும் திட்டம் 1983 முதல் நடக்கிறது. நெய்து கொடுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அந்தத் தறிகளிலேயே நெய்த வெள்ளைச் சதுரத் துணி இரண்டு டஜனைப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுப்பது அரசுக்குப் பெரிய பாரம் ஆகாது. அது வரும்வரை உறவினர் செய்யலாம். பிள்ளை பார்க்கப் போகும்போது பவுடரும் ஷாம்பூவும் அடுக்கிய பெட்டியை வாங்கிப் போவதற்குப் பதிலாக, கஞ்சி போகத் துவைத்து வெயிலில் காயவைத்த மல் துணி ஆறு எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஐப்பசியிலோ கார்த்திகையிலோ பிறக்க இருக்கிறதென்றால், ஆவணி வெயில் போவதற்குள் முப்பத்தாறு துணியை வெட்டி, துவைத்து, மடித்து வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் கூரைக்குக் கீழே ஒரு கொடியும் கட்டிவிடுங்கள்.